சீந்தில் தின்ற எலிகள்

கனகலிங்கத்தார் அரை வருடமாக மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் குடித்தது சாராயமில்லை. சாராயமென்றால் அவருடைய மனுசி நாகேஸ்வரி மோப்பம் பிடித்து ஊரைக் கூட்டியிருப்பாள். அவர் குடித்தது சீந்தில் கொடியை இடித்து அவித்த கசாயம். வாயில் வைத்தால் உச்சந்தலைவரை கசக்கிற சாமான். சலம், அதுதான் மூத்திரம், போகாத வருத்தம் அவருக்கு. அதை மனுசிக்கும் சொல்லவில்லை, வைத்தியருக்கும் காட்டவில்லை. சீந்திலைக் குடிக்கச் சொன்னது யாழ்ப்பாணத்தில் எலி வளர்க்கிற வேலை பார்த்த அவருடைய மகள் நேசமலர். தான் சொல்கிறேன் என்று தெரியாமலேயே சொன்னாள். அந்தப் பெட்டையின் கதைதான் இது.

கனகலிங்கத்தார் தென்மராட்சி ஆள். காணி சகோதரங்களுக்குள் துண்டுதுண்டாகப் போக, வவுனிக்குளத்துத் தண்ணீரை நம்பித் துணுக்காய்ப் பக்கம் வயல் எடுத்து வந்தவர். காடு வெட்டி, பன்றி கலைத்து, குலைப்பன் காய்ச்சலில் விழுந்து எழும்பி, ஒரு வீட்டையும் ஒரேயொரு பிள்ளையையும் கண்டார். பிள்ளை தகப்பனை உரித்துப் படைத்த மாதிரி. இரண்டு பேருக்கும் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. அவர் சாப்பாட்டுக் கோப்பையோடு முற்றத்தில் நடப்பார். இவள் கதிரையில் இருந்தால் கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். "காலாட்டாதையடி, குடும்பத்துக்கு ஆகாது" என்று நாகேஸ்வரி சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப் போனாள்.

நேசமலர் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தாள். பல்கலைக்கழகத்துக்கு மட்டுமட்டாகத் தவறிப் போய், கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் உதவியாளராக வேலை கிடைத்தது. ஒன்றுவிட்ட பெரியம்மா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்வந்தாள். வேலை என்றால் வெள்ளை எலிகளுக்குத் தீன் போடுவது, கூடு கழுவுவது, ஊசி போடும்போது பிடித்துக் கொடுப்பது. பிறகு வெட்டி எடுத்த சதையைச் சீவி, சாயம் போட்டு, கண்ணாடித் துண்டில் ஒட்டி நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைப்பது. அதைச் செய்யும்போது மட்டும் அவளுடைய கால் ஆடாது.

அங்கே ஆராய்ச்சி செய்தவர் டொக்டர் பரமேஸ்வரன். மருந்து எழுதுகிற டொக்டர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர். பேனை மூடியைக் கடித்துக்கொண்டு தனக்குத்தானே கதைக்கிற இளம் மனுசன். அவர்தான் அவளுக்கு விளங்கப்படுத்தினார். ஆண்களுக்கு மூத்திரப்பையின் கழுத்தைச் சுற்றி ஒரு சுரப்பி இருக்கிறது, பெயர் புரொஸ்டேட். வாலிபத்தில் ஒரு கொட்டைப்பாக்களவு. ஆண் ஹோர்மோன்தான் அதற்குச் சாப்பாடு. வயது போகப்போக அது பெருத்து வழியை நெரிக்கும், சலம் இறங்காது. சனம் காலங்காலமாகக் குடிக்கிற மூலிகைகளில் ஏதாவது அந்தச் சுரப்பியைச் சுருக்குமா என்று பார்ப்பதுதான் வேலை. முதலில் எடுத்தது சீந்தில்.

வேலை பிடித்துப்போன சந்தோசப் புழுகத்தில் நேசமலர் வீட்டுக்கு வந்த ஒரு லீவில், குசினிக்குள் தாயிடம் அவிழ்த்துவிட்டாள்.

"அம்மா, இது வயசுபோன ஆம்பிளையளின்ர வருத்தத்துக்கு. சலம் போற வழியில ஒரு சுரப்பி கிடக்கு. எலியளுக்கும் கிடக்கு. நாங்கள் அதை வெட்டியெடுத்து..."

நாகேஸ்வரி அகப்பையால் சட்டி விளிம்பில் ஒரு போடு போட்டாள். "வாயை மூடடி! ஒரு குமர்ப்பிள்ளை கதைக்கிற கதையே இது? உன்னைக் கேட்டு வாற சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லுங்கோ."

"ஓமோம், சொல்லுறன். என்ர மோள் யாழ்ப்பாணத்தில கடுவன் எலியளின்ர கவட்டுக்குள்ள பாக்கிற உத்தியோகமெண்டு சொல்லுறன்!"

அன்றிலிருந்து நாகேஸ்வரி ஊருக்குச் சொன்னது, மகள் நீரிழிவுக்கு மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று. குசினிச் சுவருக்கு வெளியே கனகலிங்கத்தார் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் இடையில் நின்று போனதைத் தாயும் கவனிக்கவில்லை, மகளும் கவனிக்கவில்லை.

அடுத்த தரம் அவள் பஸ்ஸால் இறங்கியபோது சைக்கிளோடு நின்ற தகப்பன் கேட்ட முதல் கேள்வி, "உன்ர எலியள் என்ன மாதிரி, பிள்ளை?"

நேசமலருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சோதனை எழுதிய காலத்தில்கூட "என்ன பாடம்" என்று கேட்காத மனுசன். கரியரில் பக்கவாட்டாக இருந்துகொண்டு, அவருடைய முதுகைப் பார்த்தபடி எலிக் கதை முழுக்கச் சொன்னாள். முகம் பார்க்காமல் கதைக்கிறது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. சுரப்பி என்று சொல்ல நா கூசி, "அது" என்று சொன்னாள். அவரும் எது என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவிலும் அந்தக் கேள்வி பஸ் நிற்கிற இடத்திலேயே காத்துக்கொண்டிருக்கும்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு தீபாவளிக்கு அவள் வந்தது பெரிய புழுகத்தோடு. கலவரத்தில் நாடு பற்றியெரிந்து மூன்று நாலு மாதம், ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. இவளுக்கு மட்டும் சொல்ல ஒரு நல்ல செய்தி இருந்தது.

"அப்பா, சீந்தில் குடுத்த எலியளுக்கு அது நல்லாச் சுருங்கிட்டுது. சேர் துள்ளிக் குதிக்கிறார்."

"குடுத்த உடனயோ?"

"இல்லையப்பா, கிழமைக்கணக்கா விடாமல் குடுக்கவேணும். முதல்ல எலி மெலியுது. பிறகு வெட்டிப் பாத்தால் உள்ளுக்கு அதுவும் சுருங்கிக் கிடக்குது."

"அப்ப மெலிஞ்சால் மருந்து பிடிக்குது எண்டு அர்த்தம்?"

"ஓமப்பா" என்றாள் அவள், யோசிக்காமல்.

கனகலிங்கத்தார் சைக்கிளை நிறுத்தினார். "கொஞ்சம் நில்லு பிள்ளை, வாறன்" என்று பற்றைக்குள் போனார். அந்த வழியில் அது இரண்டாம் தரம். எலி வயிற்றுக்குள் கடுகளவு சாமானைத் தேடிப் பிடிக்கிற கண், சொந்தத் தகப்பன் பற்றைக்குள் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்க்கவில்லை. அவள் கரியரைப் பிடித்தபடி காலாட்டிக்கொண்டு நின்றாள்.

மார்கழியில் ஆய்வுகூடத்தில் வந்தது வில்லங்கம். ஒரு காலை அவள் எலிக்கூடுகளைத் துப்புரவாக்கி, மிச்சத் தீனை வெளியே காகத்துக்குக் கொட்டிக்கொண்டிருந்தாள். பரமேஸ்வரன் எதற்கோ அந்தப் பக்கம் வந்தார்.

"என்ன அது?"

"மிச்சம், சேர். சீந்தில் சாறு கலந்த தீனை உதுகள் வடிவாத் தின்னாதுகள். கசக்குதாக்கும்."

"இண்டைக்கு மட்டுமோ?"

"எப்பவும் இப்பிடித்தான், சேர்."

பரமேஸ்வரன் பேனை மூடியை வாயிலிருந்து எடுத்தார். முகம் செத்துப் போயிற்று. உள்ளே போய், புதிதாக ஒரு கூட்டம் எலிகளைப் பிரித்தார். அவற்றுக்குச் சீந்திலே இல்லை, வெறும் தீன்தான். ஆனால் சீந்தில் எலிகள் எவ்வளவு தின்றனவோ அவ்வளவுதான் கொடுக்கவேண்டும் என்றார். இன்னொரு கூட்டத்துக்கு ஹோர்மோன் ஊசியும் போட்டு, சீந்திலையும் கொடுத்தார். மாசியில் எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்தார்கள். அரைவயிறு கிடந்த எலிகளுக்கும் சுரப்பி அதேயளவு சுருங்கியிருந்தது. நுணுக்குக்காட்டியில் இரண்டின் கலங்களையும், அதுதான் செல்களையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று தெரியவில்லை. ஊசி போட்ட எலிகளுக்கோ சீந்தில் ஒரு மண்ணும் செய்யவில்லை, சுரப்பி கொழுகொழுவென்று இருந்தது.

"நாங்கள் பட்டினியை மருந்தெண்டு நினைச்சுப்போட்டம், நேசமலர்" என்றார் பரமேஸ்வரன். "பட்டினி கிடந்தால் உடம்பில ஹோர்மோன் குறையும். ஹோர்மோன் குறைஞ்சால் அது சுருங்கும். சீந்திலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

நேசமலர் அழுதாள். ஒவ்வொரு நாளும் அந்த மிச்சத்தைக் கொட்டியது அவளுடைய கைதானே.

"ஏன் அழுறீர்? இல்லை எண்டதும் ஒரு முடிவுதான். அதையும் எழுதத்தான் வேணும்" என்றுவிட்டு அவர் பேனை மூடியைத் திரும்ப வாயில் வைத்தார்.

அந்தக் கிழமை முடிவில் வீட்டுக்குப் போனாள். கதிரடித்து நெல் எடுக்கிற சூடடிப்புக் காலம். பஸ்ஸடியில் தகப்பனைக் காணவில்லை, நடந்தே வீட்டுக்கு வந்து, தாய் கட்டித் தந்த சோற்றுப் பெட்டியோடு நேரே களத்துக்குப் போனாள். தகப்பனின் வயதொத்த ஊர்க்காரர் வீரகத்தியார் தன் ட்ரக்டரைக் கதிர்களுக்கு மேலே வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அயல் வயல்காரர் எல்லாரும் நின்றார்கள்.

களத்துக்குச் சில சட்டங்கள் உண்டு. நெல் அளந்து முடியும்வரை பெண்கள் உள்ளே கால் வைப்பதில்லை. செருப்பு ஆகாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், "இல்லை", "குறைஞ்சுது", "முடிஞ்சுது" என்ற சொற்களை அங்கே வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் அந்த வருட நெல் அந்தச் சொல்லோடு போய்விடும். குடத்தில் தண்ணீர் முடிந்தாலும் "பெருகிட்டுது" என்றுதான் சொல்லவேண்டும். சின்னப்பிள்ளையிலிருந்தே நேசமலருக்கு வாயடைத்துப் பழக்கியிருந்தார்கள்.

அவள் வரம்பில் நின்றாள். குவியலுக்குப் பக்கத்தில் தகப்பன். தோள் எலும்பு தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

"ஐயா ரொம்ப எளச்சிட்டாருங்க" என்றான் மூக்கன். மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்து அந்தப் பக்கம் குடியிருந்தவன், கனகலிங்கத்தாரின் வயலில் வலதுகை மாதிரி. அதைக் கேட்டு, கனகலிங்கத்தார் யாரோ பொன்னாடை போர்த்தியதுபோலச் சிரித்தார்.

பிறகு அந்த மனுசன் ஒரு வேலை செய்தார். இத்தனை நாளும் சைக்கிளில் முதுகைக் காட்டிக்கொண்டு மட்டும் கேட்ட கேள்வியைக் களம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"பிள்ளை, எலியள் என்ன மாதிரி? சீந்தில் வேலை செய்யுதோ?"

வீரகத்தியார் ட்ரக்டரை நிறுத்தினார். எல்லா ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். நேசமலர் வாயைத் திறந்தாள். இல்லை அப்பா, ஒன்றும் இல்லை என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. தகப்பனுக்கு முன்னால் நெற்குவியல் கிடந்தது. ஒரு வருட உழைப்பு. அதற்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு என்ன விசரா?

"ஓமப்பா, நல்லாச் செய்யுது."

வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். வீட்டில் அவர் கேட்கவில்லை. தாய் இருக்கிற இடத்தில் அவர் எலிக் கதை எடுப்பதில்லை. கேட்காதவருக்கு வலியப் போய், என் ஆராய்ச்சி பிழையாகிப் போய்விட்டது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? "கொப்பர் இப்ப சோத்தை அளைஞ்சுபோட்டு எழும்பிடுறார். மிச்சமெல்லாம் கோழிக்குத்தான்" என்று நாகேஸ்வரி முறைப்பட்டபோதும், "வெய்யில்தானே அம்மா" என்றாள். மிச்சம் என்ற சொல் அவளை உலுக்கியிருக்க வேண்டும். உலுக்கவில்லை. அடுத்த நாள் பஸ் ஏறிவிட்டாள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அவள் வந்தபோது கனகலிங்கத்தார் கிணற்றைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். இருக்கிறார், எழும்புகிறார், வேலியைப் பிடிக்கிறார், திரும்ப நடக்கிறார். புது வேட்டி உடுக்கவில்லை. பொங்கலில் ஒரு வாய் வைக்கவில்லை. நாய் குறுக்கே போனதற்கு நாயையும், அதை வளர்த்த நாகேஸ்வரியையும், நாகேஸ்வரியைக் கட்டித்தந்த மாமனாரையும் திட்டினார்.

"என்னம்மா அப்பாவுக்கு?"

"நேற்றுத் தொடக்கம் உப்பிடித்தான் அந்தரப்படுறார். கேட்டால் விழுந்து கடிக்கிறார். வயித்துக்குத்தாம்."

நேசமலர் அவரைப் பார்த்தாள். இந்த முறை எலியைப் பார்க்கிற கண்ணால் பார்த்தாள். உடம்பெல்லாம் வற்றி எலும்பாக இருந்தது. ஆனால் இடுப்புச் சாரத்துக்கு மேலே, தொப்புளுக்குக் கீழே மட்டும் வயிறு பூசணிக்காய் மாதிரித் திரண்டு நின்றது. சலம் அடைத்துவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. வண்டி பிடிக்க மூக்கனைத் தேடி மாட்டுக்கொட்டில் பக்கம் ஓடினாள். அங்கே மூக்கன் ஒரு கட்டுப் பச்சைக்கொடியைக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் கரிபிடித்த பானை, மூடி போட்ட போத்தல்கள். அந்தக் கசப்பு மணம் அவளுக்கு நித்திரையிலும் தெரியும்.

"மூக்கண்ணை, உது சீந்தில். ஆருக்கு?"

"ஐயாவுக்குத்தாங்க. தீவாளியிலேருந்து நாந்தான் காட்டுல வெட்டியாந்து குடுக்கிறேன்."

"ஆர் குடிக்கச் சொன்னது?"

மூக்கன் அவளை விநோதமாகப் பார்த்தான். "என்ன தங்கச்சி, நீங்க கண்டுபிடிச்ச மருந்துதானே? எம்மக கண்டுபிடிச்சதுன்னு ஐயா எவ்வளவு பெருமையா சொன்னாரு. கசப்பு தாங்காம கண்ணுல தண்ணி வரும், ஆனா ஒரு சொட்டு மிச்சம் வெக்கமாட்டாருங்க."

நேசமலர் பானைக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டாள். உன்ர எலியள் என்ன மாதிரி, உன்ர எலியள் என்ன மாதிரி என்று ஒவ்வொரு லீவிலும் அந்த மனுசன் கேட்டது எலியை இல்லை. தன்னைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். களத்தில் அத்தனை பேருக்கு முன்னால் கேட்டதும் தன்னைப் பற்றித்தான். அவள் என்ன பதில் சொன்னாள்!

எழும்பி ஓடினாள். "அம்மா, அப்பாவுக்குச் சலம் அடைச்சிட்டுது. நீங்கள் சொல்லி வண்டி ஏத்துங்கோ."

நாகேஸ்வரி தலையில் கைவைத்தாள். "ஐயோ என்ர அம்மாளாச்சி! அந்த மனுசன் எனக்கே சொல்லேல்லையே. நான் என்னெண்டடி போய்க் கேக்கிறது?"

தாயை நம்பிப் பலனில்லை. தானே கிணற்றடிக்குப் போய், நடக்கிறவரின் முன்னால் மறித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை முதுகு இல்லை, முகம்.

"அப்பா, எப்ப கடைசியாச் சலம் போனனீங்கள்?"

கனகலிங்கத்தாருக்கு முகம் கறுத்தது. "போ பிள்ளை அங்கால! உனக்குத் தேவையில்லாத கதை."

"எனக்குத்தான் தேவையான கதை. சீந்தில் வேலை செய்யாதப்பா. எலியள் தின்னாமல் கிடந்துதான் மெலிஞ்சதுகள். நீங்களும் அப்பிடித்தான். அது ஒண்டும் சுருங்கேல்லை. உது மருந்தே இல்லை."

அவர் நடப்பதை நிறுத்தினார். வியர்வை வழிந்தது. "நல்லாச் செய்யுதெண்டு நீதானே சொன்னனீ?"

"களத்தில கேட்டீங்கள். களத்தில நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?"

அவர் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி, "தாங்கேலாமக் கிடக்கு, பிள்ளை" என்றார்.

எங்கோ நடந்த ஆமிச் சுற்றிவளைப்பால் அன்று பஸ் ஓடவில்லை. மூக்கன் ஓடிப்போய் வீரகத்தியாரின் ட்ரக்டரைக் கூட்டிவந்தான். பெட்டியில் வைக்கோல் போட்டு அவரை ஏற்றினார்கள். மல்லாவி ஆசுபத்திரிக்குப் போகிற தார் ரோட்டு ஒழுங்கான ரோட்டு இல்லை. ஒவ்வொரு குழிக்கும் கனகலிங்கத்தார் மகளின் கையை நெரித்தார். அவளும் கையை விடவில்லை. "மெல்லமா, மெல்லமா" என்று கத்துவதும், உடனே "கெதியா, கெதியா" என்று கத்துவதுமாகப் போனாள். வீரகத்தியார் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ட்ரக்டர் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆசுபத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். திரைச்சீலையை இழுத்துவிட்டு, சலம் எடுக்க ரியூப் கொண்டுவரச் சொன்னார். வெளியே நேசமலர் நின்ற நிலையில் நிற்க முடியாமல் வாசலுக்கும் யன்னலுக்கும் நடந்தாள். உள்ளே தகப்பன் ஒரு கத்துக் கத்தினார். பிறகு சத்தமில்லை. பிறகு, "ஐயோ கடவுளே... அப்பாடா" என்ற நெடிய மூச்சு. அதைக் கேட்டபிறகுதான் இவளுக்குக் கண்ணீர் வந்தது.

"இன்னும் சுணங்கியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும்" என்றார் அப்போதிக்கரி. "யாழ்ப்பாணம் கொண்டுபோய் வெட்டவேணும். வீட்டில படிச்ச பிள்ளை இருக்கிறீர், இவ்வளவு நாளும் என்ன செய்தனீர்?"

யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. வெட்டியெடுத்த துண்டில் ஒரு சீவலைக் கண்ணாடியில் பார்க்க, பரமேஸ்வரன் யாரையோ கேட்டு அவளுக்கு இடம் எடுத்துக் கொடுத்தார். எத்தனையோ எலிகளைப் பார்த்த கண்ணால் தகப்பனைப் பார்த்தாள். கலங்கள் தேர்த்திருவிழாச் சனம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அரை வருடம் அந்த மனுசன் கண்ணீர் விட்டுக் குடித்த கசப்பு அங்கே ஒரு கலத்தைக்கூட அசைக்கவில்லை. ஆனால் புற்று இல்லை என்றார்கள். அவர் படுத்திருந்த வாட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள்.

"அப்பா, ஒண்டும் இல்லை. கெட்டது ஒண்டும் இல்லை."

"பாத்தியா, இல்லையெண்ட சொல்லும் சிலநேரம் நல்லாத்தான் இருக்கு" என்றார் கனகலிங்கத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊரில கேட்டால் குடலிறக்கத்துக்கு வெட்டினதெண்டு சொல்லு. கொம்மாவுக்கும் சொல்லிவை" என்றார்.

ஊர் நம்பியது. கனகலிங்கத்தார் சோறு தின்றார், சதை வைத்தார், சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிப் படுத்து நித்திரைகூடக் கொண்டார். அப்படியே முடிந்திருந்தால் நல்ல கதை. அடுத்த வருட அறுவடைக்கு நேசமலர் வந்தபோது தகப்பன் திரும்ப முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். அவள் பையைப் போட்டுவிட்டுக் கிட்ட ஓடினாள்.

"எனக்கொண்டுமில்லை" என்றார் அவர். "வீரகத்தியைப் பாத்தனியோ? எலும்பும் தோலுமாப் போனான். மூக்கன் இப்ப அவனுக்குச் சீந்தில் வெட்டிக் குடுக்கிறானாம். களத்தில நீ சொன்னதைக் கேட்டுத்தான் தொடங்கினவனாம்."

"அப்ப போய்ச் சொல்லுங்கோவன்!"

"என்னெண்டு சொல்லுறது? மூக்கன் சொல்லிப் பாத்தவன். 'கனகலிங்கத்துக்குக் குடலிறக்கம்தானே, மருந்து அவருக்குப் பிடிச்சது' எண்டு சொல்லி வீரகத்தி நம்புறானில்லை. எனக்கென்ன வருத்தம் எண்டு கேட்டால் நான் எந்த முகத்தோட..." சொல்லிமுடிக்காமல் திரும்ப நடந்தார். வேலிவரை போனார், வந்தார், போனார்.

அடுத்த நாள் சூடடிப்பு. நேசமலர் சோற்றுப் பெட்டியோடு அதே வரம்பில் நின்றாள். குவியல் தூற்றி முடிந்து அளக்கிற நேரம். வீரகத்தியார் ட்ரக்டரை நிறுத்திவிட்டு அவசரமாகப் பற்றைப் பக்கம் போனார், வெகுநேரம் கழித்து வந்தார். கனகலிங்கத்தார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நெற்குவியலுக்குப் பக்கத்தில் வந்து, தொண்டையைக் கனைத்து, களம் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார்.

"பிள்ளை, உன்ர எலியள் என்ன மாதிரி? சீந்தில் வேலை செய்யுதோ?"

நேசமலர் அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். சொல்லு என்று ஆட்டினார்.

"இல்லை அப்பா."

களத்தில் ஒருத்தன் "ஐயையோ" என்றான். இன்னொருத்தர் "வாயை மூடு பிள்ளை" என்று அதட்டினார். நேசமலர் மூடவில்லை. "இல்லை. ஒண்டும் செய்யேல்லை. பசியைக் குறைச்சுது, அவ்வளவுதான். சலம் அடைச்ச ஆக்களுக்கு அது மருந்து இல்லை. ஆசுபத்திரிக்குத்தான் போகவேணும்."

"எனக்குக் குடலிறக்கம் இல்லை" என்றார் கனகலிங்கத்தார். காது நுனிவரை சிவந்திருந்தது. ஆனால் நிறுத்தவில்லை. "சலம் அடைச்சுத்தான் கொண்டுபோனவை. பிள்ளையின்ர சொல்லைக் கேட்டுச் சீந்தில் குடிச்சுச் சாகக் கிடந்தனான். பிள்ளையின்ர சொல்லைக் கேட்டு வெட்டிப் பிழைச்சனான்."

வீரகத்தியார் ட்ரக்டர் சில்லை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த முறை நெல் குறைந்துதான் போயிற்று. மழை பிந்தியதால் என்று கனகலிங்கத்தார் சொன்னார். ஊர் நேசமலரின் வாயைச் சொன்னது. நாகேஸ்வரி இரண்டு பக்கமும் சேர்ந்து அழுதாள், குமர் இனிக் கரைசேராது என்றும் அழுதாள். கனகலிங்கத்தார் ஒன்றையும் காதில் போடாமல் இரண்டு கோப்பை சோறு தின்றுவிட்டுப் படுத்தார்.

திங்கட்கிழமை நேசமலர் யாழ்ப்பாண பஸ் ஏறினாள். கடைசி ஆசனத்தில், இறங்குகிற கதவுக்குப் பக்கத்தில், சலவைச் சட்டையும் மடியில் ஒரு துணிப்பையுமாக வீரகத்தியார் இருந்தார். அவளைக் கண்டதும் யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவளும் காணாத மாதிரி முன்னால் போய் இருந்தாள். கால் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. மாங்குளம் தாண்டும்வரை பொறுத்தாள். பிறகு எழும்பிப் பின்னால் போய், அவருக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீரகத்தியார் வெளியே பார்த்தபடியே மெல்லக் கேட்டார். "பிள்ளை... கொப்பர் கிடந்த வாட்டு எந்தப் பக்கம்?"

"நான் கூட்டிக்கொண்டு போறன், மாமா" என்றாள் நேசமலர்.